கட்டுக்கரையும் தொலைவில்லையும்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுவீதியிலே பயணம் செய்வோர், முருங்கனை அணுகும் வேளையில் ஒரு பெரும் நீர்ப்பரப்பைக் காண்பர். அதுவே கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் அதனை இராட்சதன் குளம் என்று பொருள்படும் பெயராலே குறித்தனர். மன்னார்ப் பெருநிலத்து வயல்களுக்கெல்லாம் தாயாக விளங்குவது அது. அருவியாற்றிலே தேக்கம் என்னும் இடத்தில் கற்களால் மறித்துத் திருப்பப்பட்ட நீர், வாய்க்கால் வழியே வந்து இக்குளத்தை நிரப்புகின்றது. மாரி பெய்து குளம் நிறைந்த பின்னர், அதாவது கார்த்திகை மார்கழிக்குப் பின், நீர்ப்பறவைகள் இங்கே கூடுகின்றன. கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் இந்நாட்டவை. வாத்தினங்கள் பலவும் கரையோரக் குருவிகளும் வடக்கே பனி மூடிய நாடுகளிலிருந்து வருபவை. சில கல் தொலைவிலே வங்காலைக் கடற்கரைச் சேற்றுநிலத்தில் பூநாரைகள் செவ்வரி போல் அணிவகுத்து நிற்கும்.

இக்காட்சியை நிழற்படமாக எடுக்க விரும்பும் ஒருவன், குளக்கட்டிலே நின்று தன் கமெராவைக் கண்ணில் வைத்த அக்கணமே ஓர் உண்மையை உணர்வான். கண் காண்பது வேறு. கமெரா காண்பது வேறு. நான்கடிக்கு மேல் உயரமுள்ள ஒரு பூநாரை 200 மீற்றர் தூரத்திலே நிற்கின்றது என்று கொள்வோர், சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லையால் அதைப் படம் பிடித்தால், பிலிமிலே விழும் அதன் உருவம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குதான் இருக்கும். ஊசிமுனையால் தொட்ட புள்ளி போன்றது அது. 400 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையாயின், உருவம் எட்டு மடங்காகி இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்படும். அப்பொழுதுதான் அது பறவை என்று சொல்லத்தக்கதாகின்றது. ஆகவே, கட்டுக்கரையிலே நிழற்படம் எடுத்தலின் வரலாறு என்பது, தூரத்தை விலைக்கு வாங்குவதன் வரலாறே ஆகும். அந்த விலை எவ்வளவு, அதனைக் கொடுக்க வல்லவர் யாவர் என்பது ஒவ்வொரு காலத்திலும் மாறி வந்துள்ளது.

கட்டுக்கரைக்கும் வில்லைக்கும் உள்ள உறவு, நிழற்படக் கலை இப்பகுதிக்கு வருவதற்கு முன்னரே ஒரு வேடிக்கையான முறையில் தொடங்கிற்று. இக்குளத்தின் பழமையை 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனோடு இணைத்துப் பேசுவர். இடைக்காலத்திலே அது உடைந்து பாழாய்க் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய சேர் எமேர்சன் டெனன்ற், இக்குளம் ஒருபோதும் பயன்பட்டதில்லை என்றும், பண்டைப் பொறியாளர் தளமட்டத்தைத் தவறாகக் கணித்ததால் வாய்க்கால் நீர் குளத்துக்கு வந்து சேரவில்லை என்றும் கருத்துத் தெரிவித்தார். முன்னோர் மூடர் என்னும் தீர்ப்பு இலகுவாக வழங்கப்பட்டுவிட்டது. பின்னர் நீர்ப்பாசனத் திணைக்களத்து அளவையாளர் தளமட்டத் தொலைநோக்கியைக் கொண்டு வந்து நிறுத்தி, அதன் வில்லையூடாக அளவுகோலை நோக்கி, அடி அடியாக நிலத்தை அளந்தபோது, தவறிழைத்தோர் பண்டையோர் அல்லர் என்பது புலனாயிற்று. பொறியாளர் ஹென்றி பார்க்கர் போன்றோரின் ஆராய்ச்சியின் பயனாகக் குளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திருத்தப்பட்டது. பழைய தேக்கத்தின் வழியே நீரும் வந்தது. ஒரு நல்ல வில்லை ஒரு பழியைத் துடைத்தது எனலாம். எட்ட நின்று மதிப்பிட்டவர் எழுத்தும், அண்மையிலே கொண்டு வந்து காட்டிய கருவியும் எதிரெதிராக நின்ற இடம் இது.

மன்னார்க் கரையிலே தூரத்தைப் பார்ப்பதற்குச் செல்வம் செலவிடப்பட்ட வேறொரு சான்றும் உண்டு. அரிப்பிலே கடலை நோக்கிய மண்மேட்டில் இடிந்து கிடக்கும் மாளிகை, பிரித்தானியரின் முதற் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலே முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்காகக் கட்டுவித்தது. முத்துச்சலாபத்திலே படகுகள் கரைக்கு வருவதை ஒரு தேசாதிபதி காண வேண்டுமாயின் மாளிகையே எழும்பும். குளிகாரன் கடலடியிலே காண்பதை மட்டும் எம்மாளிகையிலிருந்தும் காண இயலாது.

நிழற்படம் 1839ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அது இலங்கையிலே காலூன்றியது. அக்காலத்துக் கமெரா ஒரு பெரிய மரப்பெட்டி. படம் விழுவதோ கண்ணாடித் தட்டில். அந்நாளைய வில்லைகளைப் பற்றி அறிவதற்கு ஜூலியா மார்கரட் கமெரன் அம்மையாரின் கதை உதவும். இங்கிலாந்திலே புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய இவ்வம்மையார் 1875இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்து களுத்துறையிலே வாழ்ந்து, 1879இல் இந்நாட்டிலேயே உயிர் நீத்தார். அவருடைய முதற் கமெரா 1863இல் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்தது. பின்னர் அவர் தெரிந்தெடுத்தது டால்மேயர் நிறுவனத்தாரின் 30 அங்குலக் குவியத்தூர வில்லை. முப்பது அங்குலம் என்பது ஏறக்குறைய 760 மில்லிமீற்றர். இன்றைய ஒருவர் இதைக் கேட்டால் மலைத்துப் போவார். பறவை பிடிக்கும் வில்லையல்லவா அது! ஆனால் அம்மையார் பயன்படுத்திய தட்டு 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. அத்துணைப் பெரிய தட்டிலே 30 அங்குல வில்லை ஒரு மனிதமுகத்தை மட்டுமே நிறைத்துக் காட்டும், தூரத்தை அண்மையாக்காது. குவியத்தூரம் என்னும் எண் தனித்து நின்று எதையும் சொல்வதில்லை என்பதையும், உருவம் விழும் பரப்பின் அளவோடு சேர்த்தே அதைக் கொள்ள வேண்டும் என்பதையும் வில்லை வாங்கப் புறப்படுவோர் இன்றும் மறந்துவிடுகின்றனர். சிறு பரப்புடைய கமெராவிலே 400 மில்லிமீற்றர் வில்லை 600இன் வேலையைச் செய்வது இதனாலேதான்.

கமெரன் அம்மையார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், வட இலங்கையை நோக்கி உலகின் சிறந்த வில்லைகள் சில திருப்பப்பட்ட ஒரு நாள் உண்டு. 1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவிலும் யாழ்ப்பாணம், திருகோணமலைப் பகுதிகளிலும் தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து நோர்மன் லொக்கியர் தலைமையிலே வந்த வானியற் குழுவினர் பல இடங்களிலே பிரிந்து நின்றனர். யாழ்ப்பாணத்திலே நின்ற கப்ரின் ஹொக் என்பவர் சூரியனின் ஒளிவளையத்தை நிழற்படமாக எடுத்தார். இந்தியாவின் மேற்குக் கரையிலே பேக்கல் என்னுமிடத்தில் எடுக்கப்பட்ட படங்களோடு அப்படங்களை ஒப்பிட்டு அறிஞர் ஆராய்ந்தனர். சில நிமிட நேரமே நீடித்த காட்சிக்காகக் கப்பலேறி வந்த கருவிகள் அவை. செலவை ஏற்றோர் அரசாங்கத்தாரும் கற்றோர் சங்கங்களுமாவர். தனி மனிதன் ஒருவன் தூரத்தைப் படம் பிடிக்க எண்ணுதல் அக்காலத்திலே கனவு.

அக்கனவை நனவாக்கும் வழி 1891இல் திறந்தது. தொலைதூரக் காட்சிக்கு நீண்ட குவியத்தூரம் வேண்டும். நீண்ட குவியத்தூரத்துக்கு நீண்ட பெட்டி வேண்டும். இவ்விடர்ப்பாட்டை நீக்க, முன்னே ஒரு குவிவில்லைத் தொகுதியும் பின்னே ஒரு குழிவில்லைத் தொகுதியும் அமைத்தால், சிறிய பெட்டிக்குள்ளேயே நீண்ட குவியத்தூரத்தின் பயனைப் பெறலாம் என்பது கலிலியோவின் தொலைநோக்கியிலே அடங்கியிருந்த பழைய தத்துவம். அதனை இலண்டனிலே டால்மேயரும், ஜேர்மனியிலே மீத்தே, ஸ்ரைன்ஹைல் ஆகியோரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே காலத்தில் நிழற்படத்துக்குப் பொருத்தினர். டெலிபோட்டோ வில்லை பிறந்தது இவ்வாறே. இதிலே கவனிக்கத்தக்க ஒன்று: அம்முதல் வில்லைகளிலே முன்பின் தொகுதிகளுக்கிடையே உள்ள தூரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம், கூட்டக் குறைக்க உருவத்தின் பருமனும் மாறும். ஆயினும் ஒவ்வொரு முறையும் குவியத்தை மீண்டும் சரிசெய்தல் வேண்டும். சரிசெய்து முடிக்கும்வரை பறவை காத்திருக்க வேண்டுமே!

பருமனை மாற்றும்போதும் குவியம் கலையாதிருக்கும் வில்லையே ஸூம் வில்லை. அதற்குரிய காப்புரிமையை அமெரிக்கராகிய கிளைல் ஆலன் என்பவர் 1902இலே பெற்றார். எனினும் எண்ணம் கைக்கு வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. முதலில் அதனை ஏற்றுக்கொண்டது சினிமா. செலவைப் பற்றிச் சினிமா முதலாளிகள் அஞ்சுவதில்லை. 1932இலே பெல் அன்ட் ஹவல் நிறுவனத்தார் வெளியிட்ட குக் வாரோ வில்லை 40 முதல் 120 மில்லிமீற்றர் வரை மாறியது. கையிலே பிடித்துப் படமெடுக்கும் கமெராவுக்கு 1959இலேதான் அது வந்தது. ஒஸ்திரியாவிலே பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பிராங்க் பாக் என்பவர் அமைத்த ஸூமார் வில்லை, ஃபோய்க்லாண்டர் பெயரிலே அவ்வாண்டு விற்பனைக்கு வந்தது. 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை செல்வது. அதே ஆண்டிலே யப்பானிய நிக்கோன் நிறுவனத்தார் 85 முதல் 250 மில்லிமீற்றர் வரை செல்லும் வில்லையை வெளியிட்டனர். 1963இலே அந்நிறுவனத்தின் 43 முதல் 86 மில்லிமீற்றர் வில்லை சிறிதாகவும் விலை குறைந்ததாகவும் வந்து பெருந்தொகையாக விற்பனையாயிற்று. படத்தின் ஓரங்கள் வளைந்து தோன்றுகின்றன என்று குறை கூறியோர் பலர். வாங்கியோர் அவர்களினும் பலர்.

ஏன் இத்துணைக் காலம் சென்றது என்று நேயர்கள் கேட்கக்கூடும். காரணம் கண்ணாடியிலேயே உள்ளது. காற்றிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் ஒளி செல்லும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நான்கு பங்கு தெறித்துத் திரும்பிவிடுகின்றது. சாதாரண வில்லையிலே நான்கைந்து கண்ணாடிகள் போதும். ஸூம் வில்லைக்கோ பத்துக்கு மேற்பட்டவை தேவை; ஸூமாரிலே 14 கண்ணாடிகள் இருந்தன. பத்துக் கண்ணாடிக்கு இருபது முகம். ஒவ்வொரு முகத்திலும் நான்கு வீதம் இழந்தால் உள்ளே நுழைந்த ஒளியிலே பாதிக்கு மேல் படத்துக்கு வந்து சேராது. இழந்த ஒளி வெறுமனே தொலைந்து போகாமல் உள்ளே அலைந்து திரிந்து படத்தையும் மங்கச் செய்யும். 1935இலே ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாக்குலா என்பவர் கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசித் தெறிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். போருக்குப் பின் அம்முறை பரவிற்று. பல மாதங்கள் பல பேர் இருந்து கணித்த ஒளிக்கதிர்க் கணக்குகளை மின்கணிப்பொறி விரைந்து முடித்தது. பூச்சும் கணிப்பொறியும் சேர்ந்த பின்னரே ஸூம் வில்லை வாங்கத்தக்க பொருளாயிற்று.

வாங்கத்தக்கது என்பது யாருக்கு? 1954ஆம் ஆண்டிலே கட்டுக்கரைக் குளம் வனவிலங்குச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதுகாறும் துப்பாக்கியோடு வாத்து வேட்டைக்கு வந்தோரின் இடத்தைக் கமெரா பிடிக்க வேண்டிய வேளை அது. அடுத்த ஆண்டு, 1955இலே, இலங்கையிற் பிறந்த ஆங்கிலேயராகிய ஜீ. எம். ஹென்றியின் பறவை நூல் வெளிவந்தது. அந்நூலை அணி செய்தவை அவரே தீட்டிய ஓவியங்கள். கொழும்பு நூதனசாலையிலே பணியாற்றிய அவருக்குத் தூரிகையே தொலைவில்லை. இறகின் நிறமும் காலின் வளைவும் ஓவியன் கையிலே தெளிவாக வந்தன. அக்காலத்துத் தொலைதூர நிழற்படத்திலே அவ்வளவு தெளிவாக வந்திருக்க மாட்டா. ஆகவே, அந்நாளிலே வில்லை இல்லாமை பெருங்குறையாகத் தோன்றவில்லை.

தோன்றத் தொடங்கிய வேளையிலே கதவு அடைபட்டது. 1960களின் தொடக்கத்திலே இலங்கையின் அந்நியச் செலாவணி கரைந்து போக, ஆடம்பரப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் காசு தேட வேண்டிய நாட்டிலே கமெரா வில்லை ஆடம்பரம் என்று கருதப்பட்டதில் வியப்பில்லை. 1967 நவம்பரிலே இலங்கை ரூபா 20 வீதம் மதிப்பிறக்கப்பட்டது. 4 ரூபா 76 சதமாக இருந்த டொலர் 5 ரூபா 95 சதமாயிற்று. 1968இலே அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. அத்தியாவசியமல்லாத பொருளை இறக்குமதி செய்வோர் விலைக்கு மேல் 44 வீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பின்னர் அது 55 வீதமாகி 65 வீதமாகவும் ஏறிற்று. யப்பானிலே வில்லையின் விலை ஆண்டுதோறும் இறங்க, இலங்கையிலே அது ஏறியவாறு இருந்தது. 1977இன் இறுதியிலே இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபோது டொலர் 16 ரூபா. கடையிலே பொருள் இருந்தது. கையிலே பணம் இல்லை. வன்னியிலும் மன்னாரிலும் விதைப்பதும் வெட்டுவதுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் படம் பிடிக்க ஸ்ரூடியோக்காரரை அழைப்பதே செலவு. பறவையைப் படம் பிடிக்கத் தனிவில்லை வாங்குவதை அவர்கள் எண்ணியும் பாரார்.

இத்தகைய வறுமைக்கு விடை கண்ட ஒருவர் கடலுக்கு அக்கரையிலே, தமிழ்நாட்டிலே வாழ்ந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனாகிய மா. கிருஷ்ணன் அவர். 1912இலே பிறந்து 1996இலே மறைந்தவர். 1950 முதல் இறுதிவரை கல்கத்தாவின் ஸ்ரேற்ஸ்மன் பத்திரிகையிலே இயற்கையைப் பற்றி எழுதி வந்தார், தமிழிலும் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். முதுமலையின் யானைகளையும் ஏரிக்கரைப் பறவைகளையும் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தவர். இந்தியாவிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. கிருஷ்ணன் கடையிலே கிடைக்காததற்காகக் கவலைப்படவில்லை. ஒரு கமெராவின் உடலையும் வேறொரு கமெராவின் தொலைவில்லையையும் எடுத்து, இடையிலே தாமே செய்த துண்டு துணுக்குகளைப் பொருத்தி, ஒரு பெருங்கருவியை உண்டாக்கிக்கொண்டார். அதற்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயரும் இட்டார். பாரமான அப்பொருளைக் கண்ட இயற்கையாளர் ஈ. பி. ஜீ, அதைக் கட்டி வைத்திருக்கும் சப்பாத்துக் கயிறு மட்டும் தம் கண்ணிற் படவில்லை என்னும் கருத்துப்பட நகைச்சுவையாக எழுதினார். அக்கருவியாலே எடுத்த யானைப் படங்கள் அவர் மறைந்து பத்தாண்டு சென்றபின் நூலாகவும் வெளிவந்தன. நகைத்தோரும் அப்படங்களைப் போற்றினர்.

கிருஷ்ணனின் வழி கைவினைஞன் வழி. அதற்கு முந்திய வேறொரு வழியும் உண்டு; அது வேடன் வழி. இங்கிலாந்திலே ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் 1892இலிருந்து பறவைக் கூடுகளைப் படம் பிடித்தனர். 1895இலே அவர்கள் வெளியிட்ட நூல் முற்றிலும் நிழற்படங்களாலே அணி செய்யப்பட்டது. அவர்கள் தொலைவில்லையை நம்பியிருக்கவில்லை. ஒரு மாட்டின் தோலை உரித்துப் பாடம் செய்து, உள்ளே கோறையாக்கி, அதனுள் ஒருவர் புகுந்து கமெராவோடு குனிந்து நின்றார். மாட்டைக் கண்டு பறவை அஞ்சுமோ? கணக்காகச் சொன்னால், 200 மீற்றர் தூரத்திலிருந்து 400 மில்லிமீற்றர் வில்லையாலே பெறும் உருவத்தைவிட, 50 மீற்றருக்கு அண்மையிலே மறைந்திருந்து 200 மில்லிமீற்றர் வில்லையாலே பெறும் உருவம் இரு மடங்கு பெரிது. விலையோ நாலிலொரு பங்கும் இராது. மீதி விலையை உடம்பு கொடுக்கின்றது: அசையாதிருத்தல், சேற்றிலே கிடத்தல், நுளம்புக்கடி.

கட்டுக்கரையிலே இந்த வேடன் வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்திலே மன்னார்த் தீவு ஒரு பக்கமும் பெருநிலம் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. உயிலங்குளத்திலே சோதனைச் சாவடி. நீண்ட குழல் பூட்டிய கமெரா தூரத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஆயுதமாகத் தோன்றும். அருகிலிருந்து பார்ப்பவன் கருத்துக்கு உளவாகத் தோன்றும். இருபுறத்தாரும் ஐயுறும் பொருளை எவன் தோளிலே சுமப்பான்? பற்றரியும் வடபகுதிக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே போர் இவ்வயல்வெளிகளூடாகவே சென்றது. அடம்பனிலும் அயலூர்களிலும் வாழ்ந்த மக்கள் வீடு வாசல் விட்டு வடக்கே இடம்பெயர்ந்தனர். பலரிடம் பறவைப் படம் இருக்கட்டும், தம் பெற்றோர் படமே எஞ்சவில்லை. ஓர் ஊரின் நிழற்படங்கள் அழிந்துபோனால், அவ்வூர் எவ்வாறு இருந்தது என்று எழுதப் புகுவோன் பிறர் எடுத்த படங்களையே நாட வேண்டியவனாகின்றான். மன்னாரைப் பொறுத்தவரை அப்படங்களுட் பெரும்பாலானவை முத்துக்குளிப்பைக் காண வந்த வெள்ளையர் காலத்தவை.

2009இலே போர் முடிந்த பின்னர் மக்கள் மீண்டனர். கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. வீதியை விட்டு இறங்காதீர் என்று எழுதிய செம்பலகைகள் நின்ற அவ்வாண்டுகளிலே, வீதியிலே நின்றவாறே தூரத்தைக் காட்டும் வில்லை ஆடம்பரமன்று; அதுவே தக்க வழி. 2010 சனவரி 15ஆந் திகதி வட இலங்கையிலே கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, 1871ஐப் போலவே வெளியூர்களிலிருந்து நீண்ட வில்லைகள் வந்தன. இம்முறை அவற்றைச் சுமந்து வந்தோருட் பலர் இந்நாட்டு இளைஞர். 2008இலே வங்காலை சரணாலயமாக்கப்பட்டதும், 2010இலே அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலே சேர்க்கப்பட்டதும் மன்னாருக்கு வருவோர் தொகையைக் கூட்டின.

இக்காலத்திலேயே வில்லைச் சந்தையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை 600 மில்லிமீற்றர் வில்லை என்பது குவியத்தூரம் மாறாத ஒற்றை வில்லை. விலை பதினாயிரம் டொலருக்கு மேல். எடை நான்கு கிலோவை ஒட்டியும் அதற்கு மேலும். 2013இன் இறுதியிலே யப்பானின் ராம்ரன் நிறுவனத்தார் 150 முதல் 600 மில்லிமீற்றர் வரை செல்லும் ஸூம் வில்லையை ஏறத்தாழ 1,070 டொலர் விலையில் அறிவித்தனர். 2015இலே சிக்மா நிறுவனத்தாரும் அதே அளவிலே, அதே விலையை ஒட்டி ஒன்றை வெளியிட்டனர்; நிக்கோன் 200 முதல் 500 வரை செல்லும் ஒன்றை 1,400 டொலருக்கு வெளியிட்டது. பத்திலொரு பங்கு விலையிலே அதே தூரம்! இழப்பு இல்லையா? உண்டு. ஒற்றை வில்லையின் வாய் அகன்றது. அது விடும் ஒளி இரு மடங்குக்கும் மேல். விடியற்காலை மங்கலிலே வாத்துக் கூட்டம் எழும்போது அகன்ற வாயே வெல்லும். வெயில் ஏறிய பின் வேறுபாடு அவ்வளவு தெரியாது. ஆயினும் மன்னாரிலே வெயில் ஏறிய பின் மற்றொரு பகை எழுகின்றது. சேற்றுநிலத்திலும் உப்புத்தரையிலும் கானல் அலையத் தொடங்கிவிட்டால், ஆயிரம் டொலர் வில்லையும் பதினாயிரம் டொலர் வில்லையும் ஒரே மாதிரி நெளிந்த பூநாரையைத்தான் தரும். காலை ஒன்பது மணிக்கு மேல் இங்கே நீண்ட வில்லையாலே பெரும்பயன் இல்லை என்பது அனுபவமுள்ளோர் கூற்று.

கடற்கரையின் வேறு இரு பகைகளும் உள. ஸூம் வில்லை நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றது. காற்றோடு உப்பும் நுண்மணலும் செல்கின்றன. மாரிக்கால ஈரத்திலே அலுமாரியில் மூடி வைத்த வில்லையின் உட்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படரும். பழைய வில்லையைப் பாதி விலைக்கு வாங்க முனைவோர் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்காமல் காசு கொடுத்தல் ஆகாது. வாங்கியபின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியிலே வைத்தல் நன்று. இது வரலாறன்று, ஆயினும் வரலாற்றைப் படம் பிடித்து வைத்த எத்தனையோ கருவிகள் பூஞ்சணத்தாலேயே குருடாயின.

இவ்வாறு எட்டிய தூரத்தை 2022ஆம் ஆண்டு மறுபடியும் எட்டாததாக்கியது. 2020 முதலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மீண்டிருந்தன. 2022 மார்ச் தொடக்கத்திலே ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்திலே ஏறக்குறைய 360 ரூபா. ஆயிரம் டொலர் வில்லைக்கு இரண்டு இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்த ஓர் இளைஞன், ஒரு வில்லையையும் தொடாமல், பத்து வாரத்திலே ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் ரூபா பின்தள்ளப்பட்டான். அரை நூற்றாண்டுக்கு முன்னர் உரித்துச் சான்றிதழ் செய்த வேலையை இம்முறை நாணயமாற்று விகிதமே செய்தது.

தூரத்தைப் படம் பிடிக்க வேண்டிய தேவையோ முன்னரிலும் மிகுந்திருந்தது. 2020 டிசெம்பரிலே மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைக்கும் திட்டங்கள் எழுந்தபோது, பறவைகள் எவ்வழி பறக்கின்றன என்னும் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. மன்னார்க் கரையிலே பிடித்துச் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் வடதுருவப் பகுதி வரை சென்று திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர் காட்டினர். செய்மதி ஒரு பறவையின் வழியைச் சொல்லும். ஒரு கூட்டத்திலே எத்தனை பறவை, எவ்வினம், எந்நாளில் எவ்விடத்தில் இறங்கிற்று என்பதைச் சொல்வதற்குக் கரையிலே நிற்கும் ஒருவன் கையிலுள்ள திகதியிட்ட படமே சான்று. அப்படத்தை எடுப்பவன் கொழும்பிலிருந்து வாரவிடுமுறைக்கு வருபவனா, அடம்பனிலோ வங்காலையிலோ ஆண்டு முழுவதும் வாழ்பவனா என்பதை வில்லையின் விலையே பெரிதும் தீர்மானித்து வருகின்றது.

கட்டுக்கரையிலே இதற்கு ஒரு விலக்கும் உண்டு. குளத்திலே வலை வீசும் நன்னீர் மீனவரின் சிறு தோணி அதிகாலையிலே மெல்ல அசைந்து செல்லும்போது, கூழைக்கடாக்கள் சற்று ஒதுங்கி வழிவிடுகின்றனவே அன்றி எழுந்து பறப்பதில்லை. கட்டிலே வாகனத்தை நிறுத்தி இறங்கும் அந்நியனுக்கு அவை நூறு மீற்றரிலே எழும்பிவிடுகின்றன. தோணிக்காரருக்கோ பத்து மீற்றர் தூரத்திலும் நின்று மீன் கொத்துகின்றன. அவர் மடியிலே பொலித்தீன் பையிலே சுற்றி வைத்திருக்கும் கைத்தொலைபேசியின் வில்லை சில மில்லிமீற்றர் குவியத்தூரமே உடையது.